அனுபவச் சான்று யார் தருவார்? குமரி மாவட்டக் கணினிப் பட்டதாரிகளின் தீராத தவிப்பு

குமரி மாவட்டத்தில் கணினி படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளை இல்லாத தெரு அரிதாகிவிட்டது. நாகர்கோவில் வடசேரியிலும் கோட்டாற்றிலும், தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும், தோவாளையின் வயலோர ஊர்களிலும், குளச்சல் கடற்கரையிலும் நிலைமை ஒன்றுதான். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.சி.ஏ., எம்.சி.ஏ., பி.இ. என்று பட்டங்கள் வேறுபடுகின்றன. நேர்காணலில் அவர்களை மடக்கும் கேள்வி மட்டும் மாறுவதில்லை: "எக்ஸ்பீரியன்ஸ் உண்டா?" இல்லை என்று சொன்னதும் கோப்பு மூடப்படுகிறது. வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று திருப்பிக் கேட்க அந்தப் பிள்ளைக்கு அங்கே வாய்ப்பில்லை. அதை அவர்கள் சார்பில் ஆட்சியில் இருப்பவர்களிடம் கேட்க வேண்டிய கட்டாயம் எங்களுக்கு வந்திருக்கிறது.

படிப்பில் பின்தங்கிய மாவட்டம் இதுவல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் எங்களுக்கு: 91.75 சதவீதம். மாநில சராசரி அப்போது ஏறத்தாழ 80 சதவீதம். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893இல் கல்லூரியானது. அதன் பின் இந்துக் கல்லூரி, பெண்கள் கல்லூரிகள், கோணத்தில் அரசு பாலிடெக்னிக், அண்ணா பல்கலைக்கழக உறுப்புப் பொறியியல் கல்லூரி, மாவட்டம் முழுக்கத் தனியார் பொறியியல் கல்லூரிகள் என்று வரிசையாக வந்தன. ரப்பர் பால் வெட்டும் தந்தையும், முந்திரி ஆலையில் பருப்பு உடைத்துக் கை கறுத்த தாயும், கடலுக்குப் போகும் குடும்பமும், ஒரு பூ நிலம் வைத்திருந்தவரும் தங்களால் முடிந்ததையும் முடியாததையும் செலவிட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள். வீட்டு நகை அடகுக் கடையில் இருக்கும். பிள்ளையின் சான்றிதழ் அலமாரியில் இருக்கும். இந்த மாவட்டத்தில் இது பல வீடுகளின் கதை.

1990ஆம் ஆண்டை இங்கே நினைவுபடுத்த வேண்டும். எங்கள் மாவட்டத்தின் கலை அறிவியல் கல்லூரிகளுக்குப் பட்டம் வழங்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அந்த ஆண்டில்தான் திருநெல்வேலியில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில்தான் எல்லைக்கு அப்பால் திருவனந்தபுரத்தின் கழக்கூட்டத்தில், இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க் தோன்றியது. இன்று அங்கே எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்க்கிறார்கள். நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அதைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் கழக்கூட்டம். முப்பத்தைந்து ஆண்டுகளாக ஒரு பக்கம் பட்டங்கள் பெருகின, மறு பக்கம் வேலைகள் பெருகின. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் மாவட்டத்தில் அந்தப் பட்டதாரிகளை முதன்முதலாக வேலையில் அமர்த்தும் இடம் மட்டும் உருவாக்கப்படவில்லை.

தமிழ்நாட்டுக்குள் திரும்பினாலும் ஏமாற்றமே மிஞ்சுகிறது. மாநில அரசு அமைத்த தகவல் தொழில்நுட்பச் சிறப்பு மண்டலங்கள் சென்னை சோழிங்கநல்லூர், கோவை விளாங்குறிச்சி, மதுரையின் இலந்தைக்குளம், வடபழஞ்சி, திருச்சி நாவல்பட்டு, சேலம் ஜாகீர் அம்மாபாளையம், திருநெல்வேலி கங்கைகொண்டான், ஓசூர் விஸ்வநாதபுரம் ஆகிய இடங்களில் உள்ளன. சிறு நகரங்களுக்கும் இந்தத் தொழிலைக் கொண்டு செல்வதற்காக 2024இல் விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடி ஆகிய ஊர்களில் சிறிய டைடல் பூங்காக்கள் திறக்கப்பட்டன. அந்த ஊர்களின் பிள்ளைகளுக்குக் கிடைத்ததில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். எழுத்தறிவில் முதலிடத்தில் உள்ள மாவட்டம் இந்த இரண்டு பட்டியல்களிலும் ஏன் இல்லை என்பதற்கு மட்டும் இதுவரை எங்களுக்குப் பதில் கிடைக்கவில்லை.

இந்தத் தொழிலுக்குள் ஒரு பட்டதாரி எப்படி நுழைகிறார் என்பதை அறிந்தால்தான் இந்தக் குறையின் ஆழம் புரியும். இறுதியாண்டில் கல்லூரிக்கே நிறுவனங்கள் வந்து ஆள் எடுக்கும் கேம்பஸ் தேர்வுதான் பிரதான வாசல். சென்னையிலும் கோவையிலும் உள்ள பெரிய கல்லூரிகளுக்கு வரும் நிறுவனங்கள், பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்து மாநிலத்தின் தென்கோடியில் இருக்கும் ஒரு கலை அறிவியல் கல்லூரிக்கு வருவதில்லை. அந்த வாசல் அடைபட்ட பிள்ளைகள் வெளியில் இருந்து விண்ணப்பிக்க வேண்டும். அங்கே வேலி மேல் வேலி. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம் இருக்க வேண்டும். அரியர் இருக்கக் கூடாது. குறிப்பிட்ட ஆண்டில் தேர்ச்சி பெற்றவராக இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் மிகக் கொடியது. தேர்ச்சி பெற்று இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டால் அந்தப் பிள்ளை புதியவர் என்ற பட்டியலிலும் சேர முடியாது, அனுபவசாலி என்ற பட்டியலிலும் சேர முடியாது. படித்த பாடம் மறக்கவில்லை, கற்றுக்கொள்ளும் ஆர்வமும் குறையவில்லை; ஆனாலும் விண்ணப்பப் படிவத்தில் அவரது தேர்ச்சி ஆண்டுக்கு இடமே இருப்பதில்லை.

இதற்கு மேல் தொழிலே சுருங்கும் காலமும் வந்து சேர்ந்தது. 2023-24 நிதியாண்டில் டி.சி.எஸ்., இன்போசிஸ், விப்ரோ ஆகிய மூன்று நிறுவனங்களில் மட்டும் சேர்த்து ஏறத்தாழ 64,000 பணியாளர்கள் குறைந்தனர். முன்பெல்லாம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்ட சோதனைப் பணிகளையும் சிறு சிறு நிரல் எழுதும் பணிகளையும் இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு முடிக்கப் பார்க்கிறார்கள். ஏணியின் கீழ்ப்படிகள்தான் முதலில் அகற்றப்படுகின்றன. மேலே இருப்பவர்களுக்கு அது உடனே தெரிவதில்லை. ஏற வேண்டியவர்களுக்குத்தான் தெரிகிறது.

இதன் அன்றாடத் துன்பத்தை நாங்கள் நேரில் பார்த்து வருகிறோம். வடசேரிப் பக்கம் ஒரு டி.டி.பி. கடையில் கணினி அறிவியல் பட்டதாரிப் பெண் ஒருவர் வேலை பார்க்கிறார். ஜெராக்ஸ் எடுப்பது, பான் கார்டுக்கு விண்ணப்பம் போடுவது, மின்கட்டணம் செலுத்துவது, மற்றவர்களுக்கு ரெஸ்யூம் அடித்துக் கொடுப்பது ஆகியவை அவரது பணிகள். மாதச் சம்பளம் எட்டாயிரம் ரூபாய். கடையின் அன்றாட வரவை வகை வகையாகப் பிரித்து மாலையில் கூட்டிக் காட்டும் ஒரு சிறு மென்பொருளை அவரே எழுதி அந்தக் கணினியில் போட்டு வைத்திருக்கிறார். கடைக்காரர் அதைத்தான் தினமும் பயன்படுத்துகிறார். பிழை வந்தால் அந்தப் பெண்ணே திருத்துகிறார். புதிதாக ஒரு கணக்கு வேண்டுமென்றால் அவரே சேர்த்துக் கொடுக்கிறார். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் முதல் ஆண்டு ஊழியர் செய்வது இதைவிட அதிகமில்லை. ஆனால் ஜெராக்ஸ் கடையின் லெட்டர்பேடில் எழுதிக் கொடுக்கும் அனுபவச் சான்றை எந்த நிறுவனமும் மதிக்காது என்பது அவருக்கும் தெரியும்.

அவரைப் போன்றவர்கள் ஜவுளிக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் செல்போன் கடைகளிலும் தனியார் ஃபைனான்ஸ்களிலும் பரவிக் கிடக்கிறார்கள். அந்த வேலைகளில் எந்த இழிவும் இல்லை. ஆனால் மூன்று நான்கு ஆண்டுகள் படித்தது அதற்காக அல்ல. எங்காவது வாக்-இன் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் நாகர்கோவில், இரணியல், குழித்துறை நிலையங்களில் விடியற்காலை ரயிலுக்குப் பிள்ளைகள் கோப்போடு நிற்கிறார்கள். கழக்கூட்டத்தில் வரிசையில் நின்று, "குறைந்தது இரண்டு ஆண்டு" என்ற பதிலோடு மாலை ரயிலில் திரும்புகிறார்கள். பெங்களூருக்கோ சென்னைக்கோ என்றால் ஓர் இரவும் பகலும் அதற்கே போய்விடுகிறது. பெண் பிள்ளைகளை அப்படித் தனியாக அனுப்பத் தயங்கும் வீடுகளில், "போதும் மக்ளே, இனி வீட்டில் இரு" என்ற பேச்சு எழுந்து, அடுத்த மாதமே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். திறமையுள்ள எத்தனையோ பெண்களின் தொழில் வாழ்க்கை, தொடங்கும் முன்பே இப்படி முடிந்துபோகிறது. அது எந்தக் கணக்கெடுப்பிலும் ஏறுவதில்லை.

வங்கிக் கடன் காத்திருப்பதில்லை. கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும்தான் தவணைக்கு விலக்கு. அதாவது, ஒரு பட்டதாரி வேலை தேடி அலைந்து முதல் ஏமாற்றங்களைச் சந்தித்து முடிக்கும் அதே நேரத்தில் தவணை தொடங்குகிறது. வட்டியோ அதற்கு முன்பிருந்தே ஏறிக்கொண்டிருக்கிறது. தவணை தவறினால் சிபில் மதிப்பெண் விழுகிறது. பிள்ளைக்கு வேலை இல்லை என்ற கவலையோடு, வங்கியில் இருந்து வரும் தொலைபேசி அழைப்புக்கும் பெற்றோர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த நெருக்கடியில்தான் ஏமாற்றுக்காரர்கள் கடை விரிக்கிறார்கள். "பிளேஸ்மென்ட் உறுதி" என்ற பலகையோடு பயிற்சி மையங்கள் முளைக்கின்றன. ஜாவா, பைத்தான், டெஸ்டிங் என்று சில மாதங்கள் சொல்லிக்கொடுக்கப் பல ஆயிரம் ரூபாய் வாங்குகிறார்கள். பயிற்சி முடிந்ததும் வேலை என்ற பேச்சு, "முயற்சி செய்கிறோம்" என்ற பேச்சாக மாறிவிடுகிறது. சில இடங்களில் சம்பளம் இல்லாமல் ஆறு மாதம் "இன்டர்ன்" என்று உட்கார வைத்து வாடிக்கையாளர் வேலையை வாங்கிக்கொள்கிறார்கள். வேறு சில இடங்களில் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு ஆண்டு பாண்ட் என்று கையெழுத்தும் வாங்குகிறார்கள்; இடையில் விலக நினைத்தால் பணம் கட்டினால்தான் சான்றிதழ் திரும்பக் கிடைக்கும் என்று மிரட்டுகிறார்கள்.

இவற்றையெல்லாம் விட ஆபத்தானது போலி அனுபவச் சான்று வியாபாரம். ஆஃபர் லெட்டர், ரிலீவிங் லெட்டர், மூன்று மாத பே ஸ்லிப் என்று ஒரு தொகுப்பாகவே விற்கிறார்கள். வேறு வழி தெரியாத பிள்ளை கடன் வாங்கி அதை வாங்குகிறது. நிறுவனங்கள் இப்போது காகிதத்தோடு நிற்பதில்லை. 2014 முதல் தொழிலாளிக்கு வாழ்நாள் முழுவதற்கும் ஒரே வருங்கால வைப்பு நிதி எண் வந்துவிட்டது. அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனத்தில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை பணிபுரிந்தார் என்பது தெரிந்துவிடும். வருமான வரிப் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். சேர்ந்து சில மாதங்களில் உண்மை தெரிந்ததும் பிள்ளை வெளியேற்றப்படுகிறது. அதன் பிறகு நேர்மையாக ஒரு வேலைக்குப் போவதற்கான வழியும் அடைபட்டுவிடுகிறது. போலிச் சான்று வாங்கியது தவறுதான். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சான்றை விற்றவர் அடுத்த தெருவில் வேறு பெயரில் கடை திறக்கிறார், வாங்கிய இருபத்திரண்டு வயதுப் பிள்ளை மட்டும் தண்டனை அனுபவிக்கிறது என்ற நிலையை எப்படி ஏற்பது?

வேலை ஆசை இன்னும் தூரத்துக்கும் இழுத்துச் செல்கிறது. தாய்லாந்தில் கணினி வேலை, டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் அடைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி துன்புறுத்தப்பட்டதை நாடு மறந்திருக்காது. 2022 அக்டோபரில் அவர்களில் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். அனுபவம் கேட்காமல் வேலை தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் சொன்னால், அந்த ஒரு சொல்லுக்காகவே எதையும் விசாரிக்காமல் புறப்பட்டுவிடும் நிலையில் எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். வளைகுடா நாடுகளுக்கு ஆட்களை அனுப்பிப் பழகிய இந்த மாவட்டத்தில் அந்த ஆபத்து கூடுதல் என்பதை அதிகாரிகள் உணர வேண்டும்.

இந்தப் பிரச்னை யாருக்கும் தெரியாமல் இருந்த நாளே இல்லை. தேர்தல் வரும்போதெல்லாம் குமரிக்கு ஐ.டி. பூங்கா என்ற வாக்குறுதியும் வருகிறது. இடம் பார்க்கப்படுகிறது என்றார்கள். பரிசீலனையில் உள்ளது என்றார்கள். திட்ட அறிக்கை தயாராகிறது என்றார்கள். வாக்குறுதி தந்த கட்சிகள் மாறின, பதவியில் இருந்தவர்கள் மாறினார்கள். கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் மட்டும் மாறவில்லை. அன்று வாக்குறுதியைக் கேட்டுக் கைதட்டிய இளைஞர்கள் இன்று தங்கள் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள்.

வேலைவாய்ப்பு முகாம்களும் நடத்தப்படாமல் இல்லை. பந்தல் போடுகிறார்கள், மேடை அமைக்கிறார்கள், ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் திரள்கிறார்கள். மேசைகளுக்குப் பின்னால் இருப்பவர்களில் பெரும்பாலோர் காப்பீடு விற்கவும் கடனுக்கு ஆள் பிடிக்கவும் தொழிற்சாலை வரிசையில் நிற்கவும் ஆள் தேடி வந்தவர்கள். கணினி என்று எழுதியிருக்கும் ஒன்றிரண்டு மேசைகளின் முன் வரிசை வாசல் வரை நீள்கிறது. படிவத்தை வாங்கிக்கொண்டு "மெயில் வரும்" என்று அனுப்பிவிடுகிறார்கள். முகாமில் எத்தனை பேருக்கு ஆணை வழங்கப்பட்டது என்ற எண்ணிக்கை மறுநாள் செய்தியாகிறது. ஆறு மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேர், படித்த துறையில் நீடிக்கிறார்கள் என்ற எண்ணிக்கையும் வெளியிடப்பட வேண்டும்.

2022 மார்ச்சில் தொடங்கப்பட்ட நான் முதல்வன் போன்ற திறன் மேம்பாட்டுத் திட்டங்களை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. கல்லூரியில் இருக்கும்போதே புதிய பாடங்கள் கிடைப்பது நன்மைதான். ஆனால் அவற்றின் முடிவில் கிடைப்பது இன்னொரு சான்றிதழ். எங்கள் பிள்ளைகளிடம் சான்றிதழுக்குப் பஞ்சமில்லை. ஒரு நிறுவனத்தில், ஒரு குழுவில், உண்மையான வாடிக்கையாளருக்காக, சம்பளம் வாங்கிக்கொண்டு ஓராண்டு வேலை செய்தோம் என்று சொல்லும் வாய்ப்புக்குத்தான் பஞ்சம். அந்த முதல் ஓராண்டு கிடைத்துவிட்டால் மிச்ச வழியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கழக்கூட்டத்திலும் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இந்த மாவட்டத்துக்காரர்கள் உயர்ந்த பொறுப்புகளில் இருப்பதை நாங்கள் பார்க்கிறோம். அவர்களுக்கெல்லாம் யாரோ ஒருவர் முதல் ஓராண்டைக் கொடுத்தார்.

முடியாத காரியத்தையும் நாங்கள் கேட்கவில்லை. இதே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011 முதல் இயங்குகிறது. பட்டம்கூடக் கேட்காமல் பன்னிரண்டாம் வகுப்பும் டிப்ளமாவும் முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்து, மாதந்தோறும் உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து, வேலையிலும் சேர்த்துக்கொள்ளும் பள்ளியை அந்த நிறுவனம் 2005 வாக்கில் இருந்தே நடத்தி வருகிறது. ஒரு தனியார் நிறுவனம் கிராமத்தில் செய்து காட்டியதை, இத்தனை கட்டடங்களும் கல்லூரிகளும் கையில் உள்ள அரசால் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

சட்டமும் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்படி 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் தங்கள் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். 2019இல் திருத்தப்பட்ட விதிகளில் பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய், டிப்ளமா பெற்றவருக்கு 8,000 ரூபாய் என்று உதவித்தொகை நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை அரசே ஏற்கிறது. வடசேரி டி.டி.பி. கடையில் அந்தப் பெண் வாங்கும் சம்பளத்தைவிடப் பட்டதாரிப் பழகுநரின் இந்த உதவித்தொகை அதிகம். இந்தச் சட்டம் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளின் கைக்கு ஏன் எட்டவில்லை? பழகுநர்களை எடுக்கும் அளவுக்குப் பெரிய கணினி நிறுவனங்கள் இங்கே மிகக் குறைவு. வெளியூர் நிறுவனத்தில் இடம் கிடைத்தாலும், 9,000 ரூபாயில் சென்னையில் அறை வாடகையும் சாப்பாடும் கொடுத்துப் பிழைக்க முடியாது.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் பயிற்சி பெறுபவர்கள் வருங்கால வைப்பு நிதிச் சட்டத்துக்குள் வருவதில்லை. எனவே ஓராண்டு முழுவதும் உண்மையாக உழைத்த பழகுநருக்கும் அந்த வாழ்நாள் எண்ணில் ஒரு வரிகூடப் பதிவாவதில்லை. அனுபவத்தை அந்த எண்ணைக் கொண்டே சரிபார்க்கும் நிறுவனத்தின் கண்ணில் அவர் வெறும் புதியவர்தான். அரசு கொடுத்த பயிற்சிச் சான்று ஒரு பக்கம், அனுபவமில்லை என்ற பதில் மறு பக்கம். இந்த முரண்பாட்டை நீக்க ஓர் ஆணை போதும்.

ஆகவே நாங்கள் முன்வைக்கும் கோரிக்கைகள் தெளிவானவை. மாவட்டத்தில் உள்ள அரசு அலுவலகங்கள், மருத்துவமனைகள், உள்ளாட்சி அமைப்புகள், கூட்டுறவுச் சங்கங்கள் எல்லாவற்றிலும் கணினிப் பணி குவிந்து கிடக்கிறது. பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவதும், இணையதளங்களைப் பராமரிப்பதும், தமிழில் ஒழுங்காக இயங்கும் சிறு செயலிகளை எழுதுவதும் வெளியூர் ஒப்பந்தக்காரர்களிடம் போகின்றன. இவற்றில் ஒரு பகுதியை ஓராண்டுப் பயிற்சிப் பணிகளாக மாற்றி, மாவட்டத்துப் பட்டதாரிகளுக்கு வழங்க வேண்டும். அனுபவமுள்ள ஒரு பொறியாளரின் மேற்பார்வையில் குழுவாக வேலை செய்ய வேண்டும். சம்பளம் வங்கிக் கணக்கில் வர வேண்டும். வைப்பு நிதி பிடிக்கப்பட வேண்டும். ஆண்டு முடிவில், என்ன மென்பொருளில் என்ன வேலை செய்தார் என்று எழுதிய பணிச் சான்று வழங்கப்பட வேண்டும். இதற்கு மலையைப் பெயர்க்கும் நிதி தேவையில்லை. ஏற்கெனவே ஒப்பந்தங்களுக்குச் செலவிடும் பணம்தான் தேவை.

அரசின் மென்பொருள் ஒப்பந்தங்களைப் பெறும் நிறுவனங்கள், பின்தங்கிய மாவட்டங்களில் இருந்தும் கடைக்கோடி மாவட்டங்களில் இருந்தும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பழகுநர்களை எடுக்க வேண்டும் என்பது ஒப்பந்த நிபந்தனையாக வேண்டும். பழகுநர் பயிற்சிக் காலம் பணி அனுபவமாகவே கணக்கிடப்பட வேண்டும். அரசு தானே ஒப்பந்த அடிப்படையில் ஆள் எடுக்கும்போது, "இரண்டு ஆண்டு அனுபவம்" என்ற வரிக்குப் பதிலாகத் திறன் தேர்வு வைக்க வேண்டும். கணினித் துறையில் ஒருவருக்கு நிரல் எழுதத் தெரியுமா என்பதைச் சோதிக்க இரண்டு மணி நேரம் போதும். டி.டி.பி. கடையில் தன் கையால் மென்பொருள் எழுதிய அந்தப் பெண்ணுக்கு அந்த இரண்டு மணி நேரம் கிடைத்தாலே போதுமானது.

நாகர்கோவிலிலோ அதை ஒட்டியோ ஒரு தகவல் தொழில்நுட்பப் பூங்கா இனியும் தாமதிக்கப்படக் கூடாது. ஆனால் கண்ணாடிக் கட்டடத்தைத் திறந்து வைத்துவிட்டு வெறுமனே விடுவதை நாங்கள் ஏற்க மாட்டோம். அங்கே இடம் பெறும் ஒவ்வொரு நிறுவனமும் வாடகைச் சலுகைக்கு ஈடாக ஆண்டுதோறும் இத்தனை புதியவர்களை எடுப்போம் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். பயிற்சி மையங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். வேலை உறுதி என்று விளம்பரம் செய்துவிட்டு வேலை தராத மையம் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பவர்கள் மீதும், போலி அனுபவச் சான்று விற்பவர்கள் மீதும் புகார் வரும்வரை காத்திராமல் நடவடிக்கை எடுக்க வேண்டும். முதல் வேலை கிடைக்கும் வரை கல்விக் கடன் தவணையைத் தள்ளி வைக்க வங்கிகளுடன் பேசி ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல், மே மாதங்களில் மாவட்டத்தின் கல்லூரிகளில் இறுதியாண்டுத் தேர்வு முடிகிறது. ஜூனில் புதிதாக ஒரு தொகுதி பட்டதாரிகள் அதே வரிசையின் வாலில் வந்து நிற்கிறார்கள். முன்னே நிற்பவர்கள் இன்னும் நகரவில்லை. வரும் ஜூனுக்கு முன்பாவது அரசு அலுவலகங்களில் முதல் தொகுதிப் பயிற்சிப் பணியிடங்கள் அறிவிக்கப்பட வேண்டும். அந்த அறிவிப்பில் தேர்ச்சி ஆண்டு வரம்பு வைக்காமல், இதுவரை காத்திருந்து காலம் கடந்துவிட்ட பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எத்தனை இடங்கள், எந்தெந்த அலுவலகங்களில், எந்தத் தேதியில் தேர்வு என்பதை ஆட்சியாளர்களும் அதிகாரிகளும் இப்போதே முடிவு செய்து வெளியிடுமாறு குமரி மாவட்ட மக்கள் சார்பில் வலியுறுத்துகிறோம்.